மாவு இறுகுற வரைக்கும்

வாய்க்குள்ள இம்புட்டு மாவ அப்பி, "அசையாதீங்கம்மா, பேசக்கூடாது, மூக்கால மூச்சு விடுங்க, இறுகுற வரைக்குந்தான்"னு சொல்லிட்டு, டாக்டரம்மா என் கீழ்ப்பல்லு மேல ஒரு தகரத் தட்ட வச்சு ரெண்டு வெரலால அமுக்கிக்கிட்டு நிக்குது. பேசக்கூடாதாம். யாரு? நானு. கீரைக்காரி பஞ்சவர்ணம். செல்லூர்ல எந்தத் தெருவுல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, இவ வாய் சும்மா இருந்து பாத்தவுக உண்டான்னு. தூக்கத்துலகூட அரைக்கீரைக்கு வெல சொல்லுவேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, அவரு மட்டும் என்னவாம், தூக்கத்துல அதுக்குப் பேரம் பேசுவாரு. ரோசு கலரு மாவு. பழ வாசன போட்டுருக்காகளாம், எந்தப் பழம்னுதான் தெரியல, சுண்ணாம்பத் தின்னுட்டு மேல பபுள்கம் மென்ன கணக்கா இருக்கு. எச்சி ஊறுது. முழுங்குனா மாவும் கூடவே போயி வயித்துக்குள்ள ஒரு பல்செட்டு மொளச்சாலும் மொளைக்கும், அப்பறம் பசி எடுத்தா அதுவே கடிச்சுக் கூப்புடும். இந்தா, இதச் சொன்னா டாக்டரம்மா சிரிக்கும். சொல்ல முடியலையே. சிரிப்பு நெஞ்சுக்குள்ளயே கெடந்து குதிக்குது. எதுத்தாப்புல செவத்தோரம் ஸ்டூல்ல எங்கண்ணன் சோலைமலை, மடியில என் வயர்கூடைய வச்சுக்கிட்டு, சுண்டல் வாங்க உக்காந்த பக்தரு மாதிரி பவ்யமா உக்காந்திருக்காரு. அவருதான் கூட்டியாந்தது. "ஏ தாயி, ஆவணியில ஒம்மக சிந்துஜாவுக்கும் எம்மகன் ராம்பிரபுவுக்கும் பூ வைக்கிறோம், போட்டோக்காரன் ட்ரோனெல்லாம் விடப்போறான், நீ சம்பந்தியம்மா, இப்பிடித் தலைய ஒருசாச்சலா வச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? பல்லுதான் காரணம்னு நம்ம ஆளுக சொல்றாக, நேராக்கிருவோம், செலவு என்னுது"ன்னாரு. ட்ரோனு மேலருந்துதானண்ணே எடுக்கும், மேலருந்து பாத்தா எல்லாத் தலையும் உருண்டைதானன்னேன். அவரு சிரிக்கல. எங்கண்ணனுக்குச் சிரிப்பு லேசுல வராது. வந்தாலும் ஒத்த உதட்டுக்கு மேல போகாது.

ஆனா பல்லு விசயத்துல அவரு சொன்னது தப்பில்ல போலருக்கு. மாவு வைக்கிறதுக்கு முன்னாடி டாக்டரம்மா ஒரு நீலக் காயிதத்தக் குடுத்துக் கடிங்கன்னுச்சு, கடிச்சேன், இடதுபக்கப் பல்லுல மட்டும் மை ஒட்டியிருக்கு, வலதுபக்கம் மொட்டையா சுத்தமா இருக்கு. "ஒங்களுக்கு ஒருபக்கந்தாம்மா கடிபடுது, இடதுபக்கத் தாடை ஒடஞ்சு கோணலாக் கூடியிருக்கு, வாய மூடுறப்பெல்லாம் தாடை அங்குட்டுப் போகுது, தாடை போற பக்கம் கழுத்து போகுது, கழுத்து போனா தோளு எறங்குது"ன்னுச்சு. தோளு எறங்குனா இடுப்பு தூக்கும், இடுப்பு தூக்குனா ஒரு செருப்பு மட்டும் தேயும், அதத்தான நான் செருப்புக் கடைக்காரன்கிட்ட ஏமாத்திப்புட்டடா ஏமாத்திப்புட்டடான்னு இம்புட்டு வருசமாச் சண்ட புடிச்சிருக்கேன்! அவன் பாவம், ஒருக்கா ஒத்தச் செருப்பு மட்டும் சும்மாவே குடுத்தான், தொல்ல விட்டாப் போதும்னு. அப்பறம் அந்தம்மா ஐஸ் குச்சி கணக்கா ரெண்டு மூணு குச்சிய எடுத்து வலதுபக்கம் பல்லிடுக்குல வச்சு, இப்பக் கடிச்சுக்கிட்டு எந்திரிங்க, கண்ணாடியப் பாருங்கன்னுச்சு. பாத்தேன். யாரோ ஒருத்தி நிக்கிறா. கழுத்து முழுசா இருக்கு. தோளு ரெண்டும் தராசு மட்டம் மாதிரி. முழுசா நேராகலதான், டாக்டரம்மாவே சொல்லிருச்சு, "எல்லாம் பல்லாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், இத்தன வருசம் பழகுன கழுத்து, கொஞ்சம் கொறையும், வலி கொறையும், அம்புட்டுத்தான்"னு. ஆனா அந்தக் கொஞ்சம் இருக்குல்ல. அந்தக் கொஞ்சத்துல நான் திரும்பிப் பின்னாடி நின்ன எங்கண்ணனப் பாத்தேன், அவரு என்னய விடக் குட்ட! நெசமா. இம்புட்டு நாளும் சாஞ்சுக்கிட்டே கீழருந்து பாத்துப் பாத்து மனுசன் தென்னமரம்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். உச்சந்தலையில வழுக்க விழுந்துருக்கு, அதக்கூட இன்னைக்குத்தான் பாக்குறேன். அவருக்கும் என்னமோ பட்டுருக்கும், பட்டுன்னு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. ஊரெல்லாம் என் தலைச்சாச்சலுக்குத் திமிருன்னு பேரு வச்சுருக்கு. பாரு எப்பிடிச் சாச்சுப் பாக்குறா, பாரு எகத்தாளத்த. மாமியா சொன்னுச்சு, நாத்தனா சொன்னா, அப்பார்ட்மெண்டு அஞ்சாம் மாடிக்காரி சொன்னா. சரி திமிருதான், போங்கடின்னுட்டு நானும் நல்லா இன்னுங் கொஞ்சம் சாச்சேன். தலையில இருக்குற கீரைக்கூட மட்டும் கேக்காது. கூடைக்குத் திமிரும் தெரியாது சிரிப்பும் தெரியாது, சாஞ்சா விழும். அதுக்கு, கூடைக்கடியில வைக்கிற துணிச் சும்மாட்டுல இடதுபக்கம் ஒரு மடிப்பு சேத்துச் சுத்துவேன். மத்தவளுக தலையில சும்மாடு வளையம் மாதிரி இருக்கும், எனக்கு ஒருபக்கம் வீங்குன இட்லி மாதிரி இருக்கும். ஒருநா பக்கத்து யாவாரி அவசரத்துக்கு என் சும்மாட்ட எடுத்து வச்சுப்புட்டா, பாதித் தெருவுல அம்புட்டு முருங்கக்கீரையும் அவ தோளு மேல. தலையச் சரி பண்ண முடியல, துணியச் சரி பண்ணிக்கிட்டேன். அதத்தான் பொழப்புன்னு சொல்றது.

மாவு இறுகலையா இன்னும்? "கொஞ்சம் பொறுங்கம்மா." பொறுக்குறேன். ஒமட்டுது. மூக்கால மூச்சு, மூக்கால மூச்சு. டாக்டரம்மா சும்மா நிக்கமாட்டாம என் நாடிய, அதான் மோவாக்கட்டைய, தடவிப் பாக்குது. "ஆமா, இது எப்பிடிம்மா அடிபட்டுச்சு?"ங்குது. நல்லாக் கேட்ட போ. வாயில சிமெண்டப் பூசிட்டுக் கேள்வி கேக்குற. நான் ம்ம்ம்-ங்குறேன், எச்சி வழியுது. செவத்தோரத்துலருந்து எங்கண்ணன், "சின்ன வயசுல பம்பு அடிச்சிருச்சு டாக்டரு, தெருவுல அடிபம்பு, கைய விட்டுட்டா, கைப்புடி மேல எந்திரிச்சு அடிச்சிருச்சு"ங்குறாரு. அம்புட்டு அழகாச் சொல்றாரு. குரலு கொஞ்சம் கம்மக்கூடச் செய்யிது. பம்பு. எம்பேரே அதுதான. பம்பு பஞ்சவர்ணம், பம்பக்கா, பம்புச்சித்தி. ரேசன் கடையில அட்டை வாங்குறவன்கூட பம்பக்கா வந்தாச்சா, தண்ணி வந்துரும்ங்குறான். நானும் லேசுப்பட்டவளா, அந்தக் கதைய ஊருக்கெல்லாம் நடிச்சுல்ல காட்டியிருக்கேன்? பம்பு எப்பிடி எந்திரிச்சுச்சு, நான் எப்பிடிப் பறந்து சாக்கடையில உக்காந்தேன், கொடம் எப்பிடித் தனியா உருண்டு வீட்டுக்குப் போயி எங்கம்மாகிட்டத் தாக்கல் சொன்னுச்சுன்னு. கல்யாண வீட்டுல, எழவு வீட்டுலகூட, ஏ பம்பக்கா அதச் சொல்லும்பாக. சொல்லுவேன். சிரிப்பாக. ஒருத்தராச்சும், ஏம்மா பம்பு நாடியிலதான அடிக்கும் ஒனக்குக் காதுக்குக் கீழல்ல வீங்கியிருந்துச்சுன்னு கேட்டதில்ல. டாக்டரம்மா கேக்குது. "பம்பு அடிச்சா நாடி கிழிஞ்சிருக்கும், தழும்பு இருக்குமேம்மா. காணோமே?" எங்கண்ணன், "அது ஆறிப்போச்சு டாக்டரு"ங்குறாரு. ஆறிப்போச்சாம். எது?

நாற்காலி. அந்த மடக்கு நாற்காலிதான் எல்லாத்துக்கும் காரணம். என்னயப் பொண்ணு பாக்க வந்தாக, மொத மொத வந்த எடம், மாப்பிள்ளையோட பெரியப்பா கடாமீசையும் வெள்ளவேட்டியுமா வந்து, நாங்கெல்லாம் ஒரு சொல்லு சொன்னா மலையா நிப்போம்னு சொல்லிக்கிட்டே உக்காந்தாரு பாருங்க, நாற்காலி டப்புன்னு மடிஞ்சு ஆள நடுவுல வச்சுக் கடிச்சுக்கிருச்சு. காலு ரெண்டும் மேல. மீசை மட்டும் அப்பிடியே மலையா நிக்கிது. யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கு வந்துருச்சு. கையில காப்பித்தட்டு வேற, தட்டு குலுங்குது, டம்ளரெல்லாம் சேந்து சிரிக்குது. அவுக காப்பியக் குடிச்சுட்டுச் சொல்லி அனுப்புறோம்னு போயிட்டாக. எங்கண்ணன் போயி கதவச் சாத்துனாரு. மெதுவாத்தான் சாத்துனாரு. தாப்பாளப் போட்டுட்டுத் திரும்பி, "பொம்பளப்புள்ளைக்கு என்னடி பல்லக் காட்டிச் சிரிப்பு?"ன்னாரு. எனக்கு அப்பயும் சிரிப்பு நிக்கல, அந்த மீசை கண்ணுக்குள்ளயே நிக்குது, நீங்க பாக்கலையாண்ணேன்னு வாயத் தொறந்தேன். அவரு கை மூடியிருந்துச்சா விரிஞ்சிருந்துச்சான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல. சத்தந்தான் தெரியும். உள்ள, காதுக்குப் பக்கத்துல, முருங்கக்குச்சி முறியிற மாதிரி. அழுகக்கூட வாய் கோணிக்கிச்சு. எங்கம்மா, செத்துப்போச்சு, சொல்லக்கூடாது, அந்த மகராசிதான் பம்பக் கண்டுபுடிச்சது. விடியிறதுக்குள்ள என்னயக் குழாயடிக்குக் கூட்டிப்போயி, பம்புக்குக் கீழ உக்கார வச்சு, ரெண்டு கொடத்த உருட்டிவிட்டு, ஐயோ எம்மகள பம்பு அடிச்சிருச்சேன்னு தெருவக் கூட்டுச்சு. எண்ணெப் பத்துப் போட்டாக, துணியக் கட்டுனாக, ஆஸ்பத்திரிக்குப் போனா கேள்வி வரும்னு போகல, எலும்பு அதுபாட்டுக்கு அதுக்குத் தோதான எடத்துல போயி ஒட்டிக்கிச்சு. இதெல்லாம் பெருசில்ல. எங்கண்ணன் பண்ணுனாரு பாருங்க ஒண்ணு. ஸ்பேனரு ஒண்ண எடுத்துக்கிட்டுப் போயி, எந்தங்கச்சிய அடிச்ச பம்பு இங்க இருக்கக்கூடாதுன்னு, கண்ணுல தண்ணியோட, தெருவே பாக்க அந்தக் கைப்புடியக் கழட்டித் தூர எறிஞ்சாரு. தங்கச்சி மேல என்னா பாசம்டான்னு தெரு மெச்சிருச்சு. அப்பறம் அம்புட்டு பேரும் கொடத்தத் தூக்கிக்கிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தோம். நானுந்தான். வாயில துணியக் கட்டிக்கிட்டு.

இப்ப அவரப் பாக்குறேன். வயர்கூடையோட காதப் புடிச்சு முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு. பயமா இருக்கு எனக்கு. பொய் சொல்றாருன்னா பயமில்ல, பொய் சொல்ற மொகம் எனக்குத் தெரியும், நான் தெனம் பாக்குற கஸ்டமரு மொகம் அம்புட்டும் அதுதான. இவரு பொய் சொல்லல. நம்புறாரு. பம்புதான் அடிச்சிச்சுன்னு அவருக்கே ஆகிப்போச்சு. நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதுல அவருக்கு வசதியா நெசமாகிருச்சு. எனக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றவருதான். எம்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ராவும் பகலும் கெடந்தவரு. அன்னைக்கு அடிச்ச மனுசனும் இந்த மனுசந்தான். ரெண்டையும் எந்தக் கூடையில வைக்கிறதுன்னு தெரியாம ரெண்டையும் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சேன். சரி, எம்மட்டோட போச்சுன்னு விட்டிருப்பேன். நெசமா விட்டிருப்பேன். போன வாரம் சிந்துஜா தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு எம்முன்னாடி உக்காந்து, சிக்கெடுத்துவிடும்மான்னுட்டு, வெளையாட்டாச் சொல்றா. "அம்மா, ராம்பிரபு மச்சான் பஸ் ஸ்டாப்புல பாத்துச்சு, நாங்க கூட்டாளிகளோட சிரிச்சுக்கிட்டு இருந்தமா, தனியாக் கூப்புட்டு, பொம்பளப்புள்ளைக்கு என்ன பல்லக் காட்டிச் சிரிப்புங்குது. கேட்டியாம்மா, பல்லு தெரியாம எப்பிடிச் சிரிக்கிறதாம், மூக்காலயா?" நான் சீப்ப வச்சுட்டேன். அதே சொல்லு. ஒரு எழுத்து மாறல. அவன் பொறக்காத காலத்துச் சொல்லு, அவன் வாய்க்கு யாரு கொண்டாந்தது? வீட்டுல காத்து மாதிரி கெடந்திருக்கு. அவன் நல்ல பையந்தான், குடி கெடையாது, கம்பெனி வேல, அத்த அத்தன்னு என் காலச் சுத்துனவன். சும்மா சொல்லியிருப்பான். சும்மாத்தான். சும்மாத்தான் கதவும் சாத்துறது. இல்ல, நானாப் போட்டுக் கொழப்புறேன். சின்னஞ்சிறுசுக. ஆனா நேத்து டிவியில என்னமோ வந்துச்சு, சிந்துஜா சிரிச்சா, சிரிக்கிறப்ப அவ கை வந்துச்சு. கை வந்து வாய மூடுச்சு. இதுக்கு முந்தி வராத கை. யாரும் புடிச்சு வைக்கல, தானா எந்திரிச்சு வருது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அவ அதக் கவனிக்கவே இல்ல. அந்தக் கை. முழுங்கக்கூடாது. ஒருபக்கம் கடிச்சா அந்தப்பக்கமே கழுத்து போகும்ங்குது டாக்டரம்மா. வாய மூடுனா எதெது போகும்னு யாரு காயிதம் வச்சுப் பாப்பா? நான் பம்பு பம்புன்னு சிரிப்புக் காட்டுனதுல எம்மகளும் சேந்துல்ல சிரிச்சா. அவளுக்கும் தெரியாது. தெரியாமத்தான் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பப் போறேன், போட்டோவுல நேரா நின்னு, பல்லெல்லாம் மட்டமா. அடியே பஞ்சவர்ணம், ஒனக்கு நிமிந்து நிக்கத்தான ஆச? பல்ல வச்சு நிமிரு. வேணாங்கல. அது ஓம்பல்லு, ஓங்கழுத்து, ஓஞ்சும்மாடு. ஆனா அந்த ட்ரோனுக்காகவாடி நிமிரப்போற?

"ஆங், இறுகிருச்சு. இப்ப எடுக்குறேன், தலைய ஆட்டாதீங்க." பளுக்குனு ஒரு சத்தம். மாவு வந்துருச்சு. தட்டுல பாக்குறேன், ரோசு கலர்ல என் கீழ்ப்பல்லு அம்புட்டும் குழி குழியா இருக்கு. "நல்லா விழுந்துருக்கு. வாயக் கொப்புளிச்சுக்கங்கம்மா, அடுத்து மேல்பல்லுக்கு வைக்கணும்"னுட்டுத் திரும்பி மாவக் கொழைக்கப் போகுது. நான் கொப்புளிச்சேன். துப்புனேன். எங்கண்ணன் எந்திரிச்சு வந்து டவல நீட்டுறாரு. "நல்லா வந்துருக்கு தாயி, பாத்தியா, பூ வைக்கிறதுக்குள்ள நேராகிருவ." டவல வாங்கித் தொடச்சேன். அவரு பக்கம் திரும்பல. "டாக்டரம்மா, எப்பிடி அடிபட்டுச்சுன்னு கேட்டீகள்ல?"ன்னேன். "ஆமாம்மா, பம்புன்னு சொன்னாரே ஐயா." "பம்பு ஒண்ணும் பண்ணல டாக்டரம்மா. அது பாவம், வாயில்லாத ஜீவன். இந்தா கையில டவலப் புடிச்சுக்கிட்டு நின்னாரே, இவருதான். எங்கூடப் பொறந்த அண்ணன். கதவச் சாத்திட்டு அடிச்சாரு. ஒருத்தர் நாற்காலியோட விழுந்தாருன்னு நான் சிரிச்சதுக்கு."

கொழைக்கிற சத்தம் நின்னுருச்சு. எங்கண்ணன், "ஏ… என்ன தாயி பேசுற… பம்புதான…"ன்னாரு. நெசமாவே தேடுறாரு, கண்ணு அங்குட்டும் இங்குட்டும் போகுது. "அந்தப் பம்பக் கழட்டுனீகளே, ஞாபகம் இருக்கா? அதுக்கு முந்துன நாளுக்குப் போங்கண்ணே." போனாரு. போனது தெரிஞ்சுச்சு. வாய் கொஞ்சம் தொறந்துச்சு. "அது… பழசு தாயி. கோவம். அன்னைக்கு இருந்த கோவம். இத்தன வருசம் கழிச்சு அன்னிய ஆளு முன்னாடி…" "பழசில்லண்ணே. ஒங்களுக்குத்தான் பழசு. நான் தெனம் காலையில சும்மாடு கட்டுறப்ப அது புதுசு." குரலு நடுங்குது எனக்கு, நடுங்கட்டும், நடுங்குனா என்ன, வார்த்த விழுகத்தான செய்யிது. "சிந்துஜாவ ஒங்க வீட்டுக்கு அனுப்பல. ஆவணியிலயும் இல்ல, தையிலயும் இல்ல. ஒங்க மகன் அவளப் பாத்துச் சொன்னது என்னன்னு போயி அவன்கிட்டக் கேளுங்க. கேட்டா ஒங்க குரலு ஒங்களுக்கே கேக்கும்." "ஊருக்கு என்னத்தடி சொல்றது? மண்டபம் சொல்லியாச்சு." "உள்ளதச் சொல்லுங்க. சொல்ல வரலைன்னா விடுங்க, நான் சொல்றேன். கத சொல்றதுல என்னய மிஞ்ச இந்த ஊர்ல ஆளு இருக்கா?" அவரு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. வழுக்க தெரியிது. பாவமா இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். இருக்கட்டும். டாக்டரம்மா கையில கிண்ணத்தோட நிக்கிது, மாவு கெட்டியாயிரும்னு பயம் போல, எம்பக்கத்துல வந்து மெதுவா, "அம்மா… மேல்பல்லுக்கு வைக்கலாமா? வேணாம்னா இன்னொரு நாளு…"ன்னுச்சு. "வைக்கணும் டாக்டரம்மா. கட்டாயம் வைக்கணும், எனக்கு வேணும் இது. செலவு நான் பாத்துக்கிறேன், கொஞ்சங்கொஞ்சமா." அந்தம்மா தட்டக் கொண்டாந்து, "அப்ப வாயத் தொறங்க"ன்னுச்சு. தொறந்தேன். தொறந்த வாய் தொறந்தபடியே இருக்க, கையத் தூக்கி அந்தம்மாவ நிப்பாட்டுனேன்.

"இருங்க டாக்டரம்மா. இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு. வேற மாவு கொழச்சுக்கங்க."